முதலில் குரல் கொடுத்தவள்

பெரியம்மா ஒரு அறைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது, அங்கே எது விழப்போகிறது என்பதைத்தான். மேசை விளிம்பில் நிற்கும் தம்ளர். ஒற்றைக் கிளிப்பில் தொங்கும் சட்டை. பொங்குவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும் பால். நாற்காலியிலிருந்து எழ முயலும் பெரியப்பா. பார்த்தவுடன் அவள் வாயிலிருந்து "நான்!" என்று வந்துவிடும். கை அதற்குப் பிறகுதான் போகும். சொல்லுக்கும் கைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் மற்ற எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டிருப்பார்கள். பல வருஷமாகப் பழகிய ஒதுங்கல்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவில். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு வாசல் வழியாக வண்டி வண்டியாக வரும். இன்னொரு வாசல் வழியாக வெந்த வாசனையோடு வெள்ளையாக வெளியே போகும். நடுவில் உருளும் இயந்திரங்கள், ஆவி, ஜன்னல் இல்லாத சுவர்கள். உலர்ந்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிப்பார்கள். சேரும் இடத்தில் ஒருவர் விடவேண்டும், மற்றவர் வாங்கிக்கொள்ளவேண்டும். பெரியம்மா எப்போதும் வாங்கிக்கொள்கிறவள். அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போகும் நாட்களில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்று, விட்டத்தைப் பார்த்தபடி, "நாளைக்குக் காலைல ரெண்டு பேர் லீவு" என்பார். பெரியம்மா பக்கம் திரும்பவே மாட்டார். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற மனிதரைப் போல நிற்பார். மழை வந்துவிடும்.

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் சாவி அவளிடம். மாடி வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் அவர்கள் மீன்தொட்டிக்கு இரை போடுவதும் அவள்தான். நானே அப்படி வந்து சேர்ந்தவன். என் அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போவதாக முடிவானபோது, என்னை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு எழுந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தரையில் ஏதோ கிடப்பது தெரிந்து, குனிந்து அதைப் பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் நிமிர்ந்திருந்தாள். ஆகவே அவளுடைய இந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பெரியப்பாவுக்கு உண்டு. மின்விசிறி, மிக்ஸி பழுது பார்ப்பவர். முதுகுத்தண்டு நகர்ந்துபோனதிலிருந்து கடையை மூடிவிட்டு, வீட்டிலேயே ஒரு பலகை போட்டு, முடிந்தபோது ஸ்க்ரூ திருகுகிறார்.

"ஊர்ல எங்க எது விழுந்தாலும் இவளுக்குக் கேட்டுடும்," என்பார் என்னிடம், அவள் காதில் விழும்படி. "பக்கத்துல நான் விழுந்தா மட்டும், 'என்னங்க சத்தம்'னு கேப்பா."

"நீங்க விழுந்தா சத்தமா வரும்? ஊரே அதிரும்," என்பாள் பெரியம்மா.

இந்தப் பழக்கத்தை அவளுக்குக் கொடுத்தவர் ஒரு வாலிபால் கோச். பகலில் பஸ் டிப்போ ஒன்றில் உதிரிப்பாகங்களை எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பந்து அடிக்கச் சொல்லிக்கொடுப்பார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. டிப்போவிலிருந்து வரும் வழியில் சும்மா கிடந்த மைதானத்தைப் பார்த்தார், இரண்டு கம்பம் நட்டார், அவ்வளவுதான்.

வாலிபாலில் பந்து இரண்டு பேருக்கு நடுவில் வந்தால் யாராவது ஒருத்தி முன்கூட்டியே குரல் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். அல்லது ஒருவர் முகத்தை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்க, நடுவில் பந்து விழும். மோதலை அவர் மன்னித்துவிடுவாராம். அந்த மரியாதையைத்தான் தாங்கமாட்டார்.

"நீங்க என்ன பஸ்ல சீட்டா விட்டுக்குடுக்கறீங்க?" என்று கத்துவார். "யாராவது ஒருத்தி 'நான்'னு சொல்லுங்கடி! தப்பா சொன்னாலும் பரவால்ல. சொல்லாம விழுந்த பந்துக்கு என்கிட்ட மன்னிப்பே கிடையாது."

ஆனால் பிள்ளைகளுக்குக் கை பழகிய அளவுக்குக் குரல் வரவில்லை. சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள். பெரியம்மா அதில் ஒரு படி மேல். வரிசையாகப் பெண்கள் பிறந்த வீட்டில் அவள் நடுவில் எங்கோ பிறந்தவள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, அவளும் பதில் வைத்திருந்ததில்லை. கோச் ஒருநாள் அவளை மட்டும் மைதானத்தின் ஓரத்துக்கு, லாரிகள் போகும் சாலைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அவர் எதிர்க் கோடிக்குப் போனார். "இங்க வரைக்கும் கேக்கணும். கேக்கற வரைக்கும் உனக்குப் பந்து கிடையாது." பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரத்தில் அழுகையும் கோபமுமாக, "நான்!" என்று ஒரு கத்து கத்தினாள். போய்க்கொண்டிருந்த லாரி ஒன்று கிறீச்சென்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "என்னம்மா, ஏறணுமா?" என்றார்.

கோச் சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பெரியம்மாவுக்குக் கதை சொல்லத் தெரியாது. இந்த ஒரு கதையை மட்டும் நன்றாகச் சொல்வாள்.

அவளை வெளியூர் ஆட்டத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க அவர் வீட்டுக்கு வந்தபோது, அவள் அப்பா, "இவ எதுக்கு?" என்று கேட்டார்.

"டீம்ல இவ குரல்தாங்க பெருசு."

"எந்தப் பொண்ணச் சொல்றீங்க? எங்க வீட்டுல இவ பேசியே நாங்க கேட்டதில்லையே. வீடு மாறி வந்துட்டீங்களா?"

டீம் கலைந்தது, பிள்ளைகள் திசைக்கொருத்தியாகப் போனார்கள். கோச்சுக்கு மைதானமும் அடுத்தடுத்த பிள்ளைகளும் இருந்தார்கள். பெரியம்மா அவர் சொல்லித்தந்த மற்றதையெல்லாம், குதிப்பது, தடுப்பது, பின்வாங்கி ஓடுவது எல்லாவற்றையும், காலம் போகப்போக முட்டியோடு சேர்த்து இழந்தாள். அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை. சம்பளம் வாங்கியதும் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவாள். அவர் குசலம் விசாரிப்பதற்கு முன்னால் குனிந்து அவள் முட்டியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "கட்டாந்தரைல உன்ன விழவெச்சது நான்தான்," என்பார். பெரியம்மாவுக்கு அதைக் கேட்கவே பிடிக்காது. "நீங்க ஒண்ணும் தள்ளிவிடல சார், நானாத்தான் விழுந்தேன்," என்பாள்.

இந்த வருஷம் அந்த முட்டி ஒரேயடியாக மக்கர் செய்யத் தொடங்கியது. படி இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினாள். ஈரத் துணி வண்டியைத் தள்ளும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறாள் என்று அவளோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி சொன்னாள். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்கு ஏற்பாடாகி, தேதியும் கொடுத்தார்கள். முதல் தேதி பெரியப்பாவின் முதுகுக்காகத் தள்ளிப்போயிற்று. இரண்டாவது, சலவைப் பிரிவில் வேறொருத்திக்குப் பிரசவம், அவளுக்குப் பதிலாக ஆள் இல்லை என்பதற்காக. மூன்றாவது தேதி கொடுத்த டாக்டர், "இதையும் விட்டீங்கன்னா அப்புறம் கம்பு வெச்சுத்தான் நடக்கணும். கம்பு வெச்சுக்கிட்டு எப்படித் துணி மடிப்பீங்க?" என்று கேட்டார். பெரியப்பா அந்தத் தேதியைச் சுவரில் தன் பலகைக்கு மேலே, தான் எப்போதும் பார்க்கும் இடத்தில், கரித்துண்டால் எழுதி வைத்தார்.

அப்போதுதான் கோச் இறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரு பள்ளிக்கூட ஆட்டத்துக்கு நடுவராக உட்கார்ந்திருந்தவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. செய்தி சொன்னது குள்ளி. டீமில் பெரியம்மாவுக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவள். இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பெரியம்மா போனைக் காதில் வைத்தபடி அலமாரியில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. "அக்கா தனியா இருப்பாங்களே," என்று மட்டும் சொன்னாள். அக்கா என்பது கோச்சின் மனைவி. பிள்ளைகள் இல்லை. போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நான்கு கால் வைத்த இரும்புச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். சமையல், துணி, மருந்து எல்லாம் கோச்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த மறுநாள், பழைய பிள்ளைகள் கோச் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. கிளம்பும்போது பெரியப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நின்றார் என்றால், நிலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"இங்க பாரு. போ, அழு, பேசிட்டு வா. ஆனா யாரையும் கூட்டிட்டு வராத."

"நான் என்ன பூனைக்குட்டியா கூட்டிட்டு வரேன்?"

"பூனைக்குட்டின்னா பரவால்லயே. இந்த வீட்டுல இன்னொரு ஆள் வந்தா நான் பரண்ல ஏறித்தான் படுக்கணும். என் முதுகுக்கு ஏற முடியாது, ஏறிட்டா இறங்க முடியாது." பிறகு குரல் மாறி, "சுவத்துல எழுதினது ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

"இருக்கு," என்றாள் பெரியம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே.

என்னையும் கூட அனுப்பினார். "நீ பக்கத்துலயே நில்லு. அவ வாயத் திறக்கற மாதிரி தெரிஞ்சா இருமு."

கோச் வீடு வெல்டிங் பட்டறைகள் நிறைந்த ஒரு தெருவில் இருந்தது. தெரு முழுக்க இரும்பு வெந்த வாடை. முன்னறையில் சுருட்டி வைத்த வலை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. உயரமான விருந்தாளி ஒருவர் உட்கார இடமில்லாமல் நிற்பது போலிருந்தது. கட்டிலுக்கு அடியில் காற்றுப் போன பந்துகள். குள்ளி வந்திருந்தாள். நெட்டை என்று கூப்பிடப்படுகிறவரும் வந்திருந்தார். வலைக்குப் பக்கத்தில் நின்று தடுத்தவர், இப்போது ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்தார். கோச்சின் மைத்துனர் ஒருவர், வெளியூர்க்காரர், பெட்டியைக் காலடியிலேயே வைத்திருந்தார். கோச்சின் மனைவி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் டீ வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் லாரிக் கதையும் வேறு கதைகளும் ஓடின. சிரித்தார்கள். சிரித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். பிறகு மைத்துனர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு இன்னிக்கே ரயில்," என்றார். "எங்க வீடு மாடி. லிஃப்ட் கிடையாது. இவங்களால ஏற முடியாது. அதான் கேக்கறேன். இனிமே இவங்கள யாரு பாத்துக்கறது?"

பேச்சு நின்றது. நெட்டை தன் டீயைப் பார்த்தார். குள்ளி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். மைத்துனர் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தார். எனக்குத் தெரிந்த மௌனம் அது. என் தலைக்கு மேலேயே ஒருமுறை தொங்கியது. பெரியம்மாவின் தோள் லேசாக முன்னால் சாய்வதைப் பார்த்தேன். இருமினேன்.

"நான்," என்றாள் பெரியம்மா.

நான் இன்னொரு முறை இருமினேன். கோச்சின் மனைவி என்னைப் பார்த்து, "தம்பிக்குத் தண்ணி குடுங்க," என்றார்.

"நான் பாத்துக்கறேன். எங்க வீட்டுக்கு வந்துடட்டும்," என்றாள் பெரியம்மா. "கூடத்துல ஒரு கட்டில் போட்டா போதும்."

அறையே மூச்சு விட்டது. மைத்துனர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குள்ளிதான் கைப்பையை மூடிவிட்டுக் கேட்டாள். "ஏய், உனக்கு இந்த மாசம் முட்டி ஆபரேஷன் இல்ல?"

"அத வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"நீ போன் பண்ணின அன்னிக்கே. உன்கிட்ட பேசி முடிச்சதும் தேதி குடுக்கற எடத்துக்குப் பண்ணி சொல்லிட்டேன். அக்காவ எப்படியும் நான்தான கூட்டிட்டுப் போகணும்."

எனக்குச் சுவரில் இருந்த கரித்துண்டு எழுத்துகள் நினைவுக்கு வந்தன. இரண்டு நாளாகப் பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டு ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்தார். அவளும் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கோச்சின் மனைவி டீ தம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். "ஏண்டி," என்றார். "நான் என்ன பந்தா?"

மைத்துனர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"இல்ல, கேக்கறேன். அவன் கேட்டான், நீ சொன்ன, கட்டில் வரைக்கும் போட்டாச்சு. எனக்கு வாய் இருக்கா இல்லையான்னு யாராவது பாத்தீங்களா? இடுப்புதான உடைஞ்சிருக்கு?"

"அப்படி இல்லக்கா..."

"எப்படி இல்ல? அவரும் இப்படித்தான். காலைலயே நெஞ்சக் கரிக்குதுன்னு சொன்னார். படுங்கன்னு சொன்னேன். வரேன்னு சொன்ன நடுவர் வரல, பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்குதுன்னு போன் வந்துச்சு. நான் வரேன்னுட்டார். சட்டைய மாட்டிக்கிட்டே சொல்றார். அந்த ஆட்டம் நடக்கலன்னா என்ன ஆயிருக்கும்? பிள்ளைங்க வீட்டுக்குப் போயிருக்கும், சாப்ட்டிருக்கும்." அவர் குரல் உயரவே இல்லை. ரொம்ப நாளாகச் சொல்லிப் பார்த்துக் களைத்துப்போன விஷயத்தைச் சொல்வது போலிருந்தது. "விழறத எடுக்கணும். அது ஒண்ணுதான் அவருக்குத் தெரியும். எடுக்கற கை வலிக்குமேன்னு யோசிக்கத் தெரியாது. தன் கையப் பத்தியே யோசிக்காத மனுஷன், உங்க கையப் பத்தி எங்க யோசிப்பார்? நல்லவர்தான். நான் இல்லைங்கல. நல்லவர்கூட குடும்பம் நடத்திப் பாத்தாத்தான் தெரியும்."

நெட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோச்சின் மனைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் எங்கயும் வரல. இது என் வீடு. பக்கத்து வீட்டுப் பொண்ணு காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை வரேன்னு சொல்லியிருக்கு. பேசி முடிச்சாச்சு. நீங்க எல்லாரும் வந்து பாருங்க. பாத்துட்டுப் போங்க."

"அப்ப நான் என்ன செய்யறதுக்கா?" என்று கேட்டாள் பெரியம்மா. ஆட்டத்தின் நடுவில் வெளியே கூப்பிடப்பட்டவளின் முகம் அவளுக்கு.

"டீயக் குடி. ஆறிப்போச்சு."

பெரியம்மா குடித்தாள். பிறகு எல்லோருடைய தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். குள்ளி பின்னாலேயே போனாள். நான் கதவருகில் நின்றேன். பெரியம்மா தம்ளர்களைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விடு, அக்கா அப்படித்தான் பேசுவாங்க," என்றாள் குள்ளி. "கோச் உன்னப் பத்தி ஒண்ணு சொல்வாரே, ஞாபகம் இருக்கா? அவ உள்ள நின்னா மத்த அஞ்சு பேரும் தூங்கிடுவாங்கன்னு."

"அது பாராட்டுதானடி?"

குள்ளி கழுவிய தம்ளர் ஒன்றை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "நானும் இவ்வளவு நாள் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெரியம்மா கால் நீட்ட முடியாமல் இருக்கையின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அழத் தொடங்கினாள். கோச் இறந்த பிறகு அப்போதுதான் அழுதாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல்.

"அவங்க சொல்றதெல்லாம் சரிதான்டா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "ஆனா அவர் கத்தச் சொல்லலன்னா எனக்குக் குரல்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சிருக்காது. வீட்டுல நாற்காலி மாதிரி இருந்திருப்பேன். அத எப்படி அவங்ககிட்ட சொல்றது?"

எனக்குப் பேச்சு வருவதே கொஞ்சம். பஸ் குலுங்கியபோது அவள் முட்டி முன் இருக்கையில் இடிக்காமல் இருக்க என் பையை நடுவில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், முகம் கூடக் கழுவாமல், தேதி கொடுக்கும் இடத்துக்குப் போன் செய்தாள். தன் பெயரையும் சலவைப் பிரிவையும் சொன்னாள். பெரியப்பா பலகையிலிருந்து தலையைத் தூக்கினார். எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"நீங்கதானம்மா ஞாயித்துக்கெழமையே வேண்டாம்னு சொன்னீங்க? அத அப்பவே வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு."

"அதத் திரும்ப..."

"எப்படிம்மா திரும்ப வாங்கறது? அவங்க ரத்தம் எல்லாம் குடுத்துட்டாங்க. வேணும்னா காத்திருக்கற வரிசைல போடறேன். யாராவது கடைசி நேரத்துல வரலன்னா கூப்பிடுவோம். கூப்பிட்ட உடனே வரணும். வரலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவோம்."

பெரியம்மா போனை வைத்தாள். பெரியப்பா எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருக்குமே என்று எனக்கு இருந்தது.

"அந்த ஆள் செத்து உடம்பு ஆறறதுக்குள்ள போன் பண்ணிட்ட," என்றார். "யாரும் உன்ன எதுவும் கேக்கறதுக்கு முன்னாடியே."

"ஆமாங்க."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா வேண்டாம்னிருப்பீங்க."

அவர் துணியை எடுத்துச் சுவரில் இருந்த தேதியை அழித்தார். கரி முழுக்கப் போகவில்லை, சாம்பல் நிறத்தில் பரவி நின்றது. பிறகு சமையலறைக்குள் போய் அவரே டீ போட்டார். சர்க்கரையை மறந்துவிட்டார். மூன்று பேரும் அதைச் சொல்லாமலே குடித்தோம். இரண்டு நாள் அவர் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "உப்பு" என்றார், சாப்பாட்டில். அத்துடன் பேச்சு தொடங்கிற்று.

அடுத்து வந்த நாட்கள் பெரியம்மாவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்திருக்கவேண்டும். மாற்றுத் துணி, மருந்துச் சீட்டு, சீப்பு எல்லாம் போட்டு ஒரு பையைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். போன் எங்கே இருக்கிறதோ அங்கேயே சுற்றினாள். யாரோ ஒருவர் வராமல் போகவேண்டும், அப்போதுதான் அவள் போகமுடியும். அது அவளை உறுத்தியது. "யாருக்காவது காய்ச்சல் வந்தாத்தான எனக்கு வரும்? அப்படி வேண்டிக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள். சலவைப் பிரிவுக்கு இறங்கும் படி இன்னும் நீளமாகிக்கொண்டிருந்தது. வாரத்தில் ஒருநாள் போய்க் கோச்சின் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "உக்காந்திருந்தேன்," என்றாள், அதுவும் ஒரு வேலை போல, தனக்கு அது சரியாக வரவில்லை போல.

ஒரு விடுமுறை நாள். வெயில் கூடத்தின் பாதி வரை வந்திருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவள் எழுந்த வேகத்தில் தைலச் சீசா உருண்டது. சூப்பர்வைசர்.

"மேலேருந்து துணி குவிஞ்சு கெடக்கு. இன்னிக்கு மூணு பேர் வரல," என்றார். வழக்கம் போல அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போனிலும் அவர் விட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

பெரியம்மாவின் வாய் திறந்தது. பெரியப்பா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். நான் இருமவில்லை.

வாய் திறந்தபடியே நின்றாள். எதிர்முனையில், "ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவள் பதில் சொல்லாமல் ஒருமுறைகூட இருந்ததில்லை.

"என்னால வரமுடியாது," என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. "ஆபரேஷனுக்கு எப்ப வேணா கூப்பிடுவாங்க. நான் வீட்டுல இருக்கணும்."

"அப்ப யாரு வருவா?"

"தெரியல சார்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. பெரியப்பா மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், ஆனால் திருகவில்லை.

"யாராவது போயிருப்பாங்களாடா?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியல பெரியம்மா."

"குவிஞ்சுதான் கெடக்கும்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ராத்திரி வார்டுல விரிப்பு இல்லன்னு சத்தம் போடுவாங்க. போடட்டும்." அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை, நிம்மதியும் இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவள் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பதை நிறுத்திக்கொண்டது போலிருந்தது.

பிறகு கண்ணைத் திறக்காமலேயே காலை எதிரே இருந்த முக்காலியில் மெதுவாகத் தூக்கி வைத்தாள். "ஏண்டா, கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன்," என்றாள்.

இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் தண்ணீர் கேட்டதில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் பானையிலிருந்து எடுத்து, வழியும் அளவுக்கு நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"இவ்வளவு யாரு குடிப்பா," என்று திட்டிவிட்டு, முழுவதையும் குடித்தாள்.